அங்காளு பிடித்த மூச்சு

மாசி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு ஆவரங்கோட்டை அரசு ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் அங்காளு உள்ளே இழுத்த மூச்சு, பங்குனி பாதியில் வந்த செவ்வாய்க்கிழமை வரைக்கும் வெளியே வரவில்லை. அந்தப் பதினெட்டு நாளில் ஊருக்குள் மூன்று கல்யாணம் நடந்தது, ஒரு துட்டி விழுந்தது, பங்குனிப் பொங்கலுக்குப் பந்தக்கால் நட்டார்கள், கம்மாய்த் தண்ணீர் ஒரு முழம் வற்றியது. அங்காளு எல்லாவற்றுக்கும் போனாள், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாள், துட்டி வீட்டில் ஓசையில்லாமல் அழுதாள், தெருக்குழாயில் வரிசை போட்டுத் தண்ணீர் பிடித்தாள், மூச்சை மட்டும் விடவில்லை. விடச் சொல்ல வேண்டியவள் மறந்துபோயிருந்தாள்.

மறந்தவள் பெயர் சுகந்தி. எக்ஸ்ரே படிப்பில் இரண்டாம் வருஷம். பாடத்தைக் கல்லூரியில் படி, கையை ஆஸ்பத்திரியில் பழக்கு என்று மூன்று மாதப் போஸ்டிங்குக்கு அவளையும் இன்னும் சில பிள்ளைகளையும் இந்த ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். எடுக்கிற ஒவ்வொரு படத்தையும் லாக் புக்கில் ஒரு வரியாக எழுத வேண்டும், கடைசியில் பெரிய டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும், போட்டால்தான் பரீட்சை. போடாவிட்டால் கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் மேலே போக, இவள் மட்டும் இன்னொரு ஆறு மாதம் இதே அறையில் பிலிம் வைக்கிற இதே கேசட்டைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். அங்கே டெக்னீஷியனாக இருந்த எஸ்தர் மேடம், நாளெல்லாம் நெஞ்சும் முழங்காலும் எடுத்து எடுத்து, மனுசர்களை முகத்தால் அல்லாமல் எலும்பால் அடையாளம் வைத்திருந்தவர். ‘அந்தக் கழுத்தெலும்பு தேஞ்சவரு வந்தாரே, அவரு மகளுக்குக் கல்யாணமாம்’ என்றுதான் பேசுவார்.

வெள்ளிக்கு முந்தின வியாழக்கிழமை சுகந்தி ஒரு தப்புச் செய்தாள். படத்தில் எது வலது, எது இடது என்று தெரிவதற்காகக் கேசட்டின் மூலையில் ஈயத்தில் செய்த ஆர் எழுத்து ஒன்றை வலதுபக்கமாக ஒட்டுவார்கள். அதை அவள் இடதுபக்கம் ஒட்டிவிட, ஒரு மளிகைக் கடைக்காரரின் இதயம் படத்தில் இடம் மாறிப்போய் உட்கார்ந்துகொண்டது. “நல்லாருந்த மனுசன் நெஞ்சப் பிடுங்கி அந்தப் பக்கம் வச்சுட்டியேம்மா, அவரு வீட்டம்மாவுக்கு யாரு பதில் சொல்றது” என்று எஸ்தர் மேடம் வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டார். அன்றைக்குச் சாயங்காலம் சோறு பிசையும்போதும் ஆர், தலை பின்னும்போதும் ஆர், விடிந்து எழுந்து பல் விளக்கும்போதும் ஆர் என்று, சுகந்தியின் மனசில் அந்த ஒற்றை எழுத்தைத் தவிர வேறு எதற்கும் இடமில்லாமல் போனது.

மறுநாள் வரிசையில் டெய்லர் சிங்கராயர் நின்றார், அவர் முதுகுக்குப் பின்னால் அங்காளு நின்றாள். அங்காளு மிளகாய் வத்தல் மண்டியில் காம்பு கிள்ளுகிறவள்; முப்பது வயசு இருக்கும், மூன்று மாதமாக இருமல். அவள் நாத்தனார் ராக்கம்மாளின் புருசன் டி.பி.யில் போய்ச் சேர்ந்திருந்ததால், இந்த இருமல் காதில் விழுந்த அன்றைக்கே ராக்கம்மாள் வந்து, அங்காளுவின் மூன்று வயசு மகள் யாழினியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டாள். அடுத்த தெருதான். அங்காளு தினமும் அந்த வாசலுக்குப் போய் எட்ட நின்று பார்ப்பாள், பிள்ளை ஓடிவந்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்னாலேயே நடப்பாள், பிள்ளை இன்னும் வேகமாக ஓடிவரும், இவள் இன்னும் வேகமாகப் பின்னால் போவாள், தெருமுனை வரைக்கும் அப்படியே போய்த் திரும்பி வீட்டுக்கு வந்து இருமுவாள்.

சுகந்தி அவளுடைய தாலிக்கயிற்றைச் சுருட்டித் தோளுக்கு மேலே போடச் சொன்னாள், ரவிக்கையின் ஊக்கைக் கழற்றச் சொன்னாள், நெஞ்சைப் பலகையில் ஒட்டித் தாடையை மேலே வைத்து முழங்கையை முன்னால் தள்ளச் சொன்னாள், ஆர் எழுத்தை ஒட்டினாள், சாப்பிடுகிற கை எது என்று ஒருதரம் வெறுங்கையால் வாயில் கவளம் வைக்கிற மாதிரி செய்து பார்த்துக்கொண்டு, பிய்த்து மறுபடியும் அதே இடத்தில் ஒட்டினாள். அப்போது அங்காளு எதையோ கேட்க வாயெடுத்தாள். “பேசக் கூடாதுக்கா. மூச்ச நல்லா இழுங்க, இழுத்துப் பிடிங்க” என்று சொல்லிவிட்டுச் சுகந்தி கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்தினாள், அழுத்தின கையோடு, மூச்சை விடலாம் என்று சொல்ல வேண்டிய இடத்தில், கேசட்டை உருவிக்கொண்டு ஆர் சரியான பக்கம் விழுந்திருக்கிறதா என்று பார்க்க உள்ளறைக்கு ஓடினாள். விழுந்திருந்தது. விலா எலும்பெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணி எடுக்கலாம் போல அவ்வளவு தெளிவாக விழுந்திருந்தது, மேலே இடதுபக்கத்தில் பஞ்சு அப்பினது மாதிரி ஒரு வெளுப்பும் விழுந்திருந்தது. எஸ்தர் மேடமே பார்த்துவிட்டு ‘ம்’ என்றார். அவர் ‘ம்’ சொல்வது தீபாவளிக்குப் பொங்கலுக்குத்தான். அந்தச் சந்தோசத்தோடு சுகந்தி திரும்பி வந்தபோது பலகையில் அடுத்த ஆள் தாடையை வைத்துக்கொண்டு நின்றார். அங்காளு பிடித்த மூச்சைப் பிடித்தபடியே ஊக்கை மாட்டி, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, மினி பஸ் ஏறிப் போயிருந்தாள். ஆஸ்பத்திரியில் ஒன்று சொன்னால் சொன்னபடி செய்கிறவள் அவள்.

சாயங்காலம் ராக்கம்மாள் அந்தப் பக்கமாக வந்தபோது வீட்டுக்குள் இருமல் சத்தம் இல்லாததைக் கேட்டாள். உள்ளே போய்ப் பார்த்தால் அங்காளு அரிசி களைந்துகொண்டிருந்தாள், என்ன மதினி என்று கேட்டதற்கு நெஞ்சைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தாள். ராக்கம்மாள் சந்தேகக்காரி. தலையணையின் ஓரத்தில் விரலை விட்டு ஒரு நுனி இலவம்பஞ்சை எடுத்து உள்ளங்கையில் வைத்து அங்காளுவின் மூக்குக்கு நேரே நீட்டினாள்; உலை கொதித்தது, அரிசி வெந்தது, கஞ்சி வடித்தார்கள், பஞ்சு ஒரு இழைகூட அசையவில்லை. மூச்சே வெளியே வராதவளிடமிருந்து என்ன தொத்தப்போகிறது என்று ராக்கம்மாள் எழுந்தாள். வீட்டுக்குப் போய் யாழினியைத் தூக்கிக்கொண்டு வந்து அங்காளுவின் மடியில் வைத்துவிட்டு, அடுப்பைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். பிள்ளை முதலில் அம்மாவின் முந்தானையை விலக்கி வாயைப் பார்த்தது, கன்னத்தைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தது, பிறகு ஏறிப் படுத்து நெஞ்சில் காதை வைத்துக்கொண்டு, உள்ளே இருதயம் மட்டும் தனியாக நடந்துபோகிற சத்தத்தைக் கேட்டபடியே தூங்கிப்போனது.

திங்கள்கிழமை ரிப்போர்ட் வாங்க அங்காளு வந்தபோதுதான் ஆஸ்பத்திரிக்கு விசயம் தெரிந்தது. பெரிய டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைத்தார், அது கெட்டுப்போய்விட்டது என்று வேறொன்று வாங்கி வைத்தார், அதுவும் கெட்டுப்போய்விட்டது என்று மூன்றாவதையும் வைத்தார். மூன்றும் கெட்டுப்போகாது என்று தெரிந்ததும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். படத்தைப் பார்த்து, தேதியைப் பார்த்து, யார் எடுத்தது என்று விசாரித்து, விட்டுப்போனது இன்னது என்று கண்டுபிடித்தபோது மணி பதினொன்று. மூச்சை விடலாம் என்று அவர் சொன்னார், நெஞ்சு இறங்கவில்லை. எஸ்தர் மேடம் தன் பதினெட்டு வருஷ சர்வீஸ் குரலில் சொன்னார், இறங்கவில்லை. ஆம்புலன்ஸ் டிரைவர் சொன்னார், வாட்ச்மேன் சொன்னார், பிரசவ வார்டிலிருந்து வந்த ஆயா முக்கிச் சொன்னார், மாரியம்மன் கோயில் பூசாரி வேப்பிலையோடு வந்து அதட்டினார். அங்காளு எல்லாருக்கும் மரியாதையாகத் தலையாட்டினாள், மூச்சை விடவில்லை. முடிச்சுப் போட்டவள்தான் அவிழ்க்க வேண்டும் என்று துப்புரவுப் பெண்கள் முதலிலேயே சொன்னார்கள், அவர்கள் சொன்னதைக் கடைசியில்தான் கேட்டார்கள்.

கேண்டீனில் பாதி இட்லியில் இருந்த சுகந்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வருகிற வழியிலேயே எல்லாம் சொல்லிவிட்டார்கள். ஒருத்தி மூன்று நாளாகத் தன் ஒரு சொல்லுக்காக நின்றுகொண்டிருக்கிறாள் என்று நினைக்க நினைக்க, கோயில் கர்ப்பகிரகத்துக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டவளைப் போல அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. கும்பலை விலக்கிக்கொண்டு போய் எதிரே நின்று வாயைத் திறந்தாள். வார்த்தை வருவதற்குள் அங்காளு எட்டி அவள் வாயைப் பொத்தினாள். வத்தல் நெடி ஏறின கை. சுகந்திக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அங்காளு மற்றக் கையால் மேசையிலிருந்த பேனாவை எடுத்து, எட்டாவது வரைக்கும் படித்த கையெழுத்தில், எக்ஸ்ரே கவரின் பின்பக்கம் எழுதினாள்:

“சொல்லாத தாயீ. மூணு மாசம் கழிச்சு எம்மக எம்மடியில தூங்குறா. மூச்ச விட்டா அவளத் தூக்கிட்டுப் போயிருவாக.”

கவர் கைமாறிக் கைமாறிப் போய்ப் பெரிய டாக்டரிடம் வந்தது. அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

படத்துக்கு முன்னாலேயே அங்காளு சளி கொடுத்திருந்தாள், டி.பி.தான் என்று முடிவு வந்திருந்தது. செவ்வாய்க்கிழமை மாத்திரை தொடங்கினார்கள். சுகந்தி டி.பி. பிரிவின் சன்னலில் போய் நின்றுகொண்டு ஒரே கேள்வியை நாலு விதமாகக் கேட்டாள். ஒரு நாள்கூட விடாமல் மாத்திரை போட்டு ரெண்டு வாரம் கடந்தால், பெரும்பாலும் மூச்சிலிருந்து அடுத்தவர்களுக்குத் தொத்தாது, ஆனால் ஆறு மாதமும் விடாமல் போட்டால்தான் குணமாகும் என்று நாலு தடவையும் ஒரே பதில் வந்தது. அவள் விரல் மடக்கிப் பார்த்தாள். ரெண்டு வாரம் அடுத்ததற்கு அடுத்த செவ்வாயில் முடிகிறது. கல்லூரியிலிருந்து சார் வந்து லாக் புக்கைச் சேர்த்துக்கொண்டு போவதோ அதற்கு முந்தின வெள்ளி.

பெரிய டாக்டர் கெட்டவர் இல்லை. “ஒரு ஆளப் பாதி எக்ஸ்ரேல நிப்பாட்டி வச்சிருக்கியேம்மா. முடியாத வேலைக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போட?” என்று கேட்டார்.

“செவ்வாக்கிழமை முடிச்சிருவேன் சார்.”

“வெள்ளிக்குள்ள முடிச்சாத்தான் உனக்கு நல்லது. யோசிச்சுக்கோ.”

அவள் யோசித்தாள். அதற்குள் ஊர் யோசித்து முடித்திருந்தது. அதிசயம் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டால் அதை எவ்வளவு நேரம் நின்று பார்ப்பது, வேலை கிடக்கிறதே. மண்டியில் எல்லாரும் தும்மித் தும்மி ஓய்கிற நடுக்குவியலில் அங்காளுவை உட்கார வைத்தார்கள், அவள் கண்ணில் ஒரு துணியை மட்டும் கட்டிக்கொண்டு விரல் தடவிக் காம்பு கிள்ளினாள். கிணற்றில் வாளி விழுந்தவர்கள் வந்து கூப்பிட்டார்கள். ராக்கம்மாள் இடுப்பில் கயிறு கட்டிவிட, அங்காளு உள்ளே இறங்கி அடித்தரையில் சாவகாசமாக நடந்து, மூன்று வாளி, ஒரு பித்தளைத் தவலை, சாவியோடு ஒரு சைக்கிள் பூட்டு, பஞ்சாயத்துத் தேர்தலில் காணாமல்போன ஒரு மைக் எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தாள், மேலே பிள்ளை கைதட்டியது. புகை போகாத அடுப்பு வைத்திருந்தவர்கள் கல்யாணச் சமையலுக்குக் கூட்டிப் போனார்கள். எக்ஸ்ரே வரிசையில் நின்றவர்கள் பலகையில் நெஞ்சை வைக்கும் முன்னாலேயே, ‘விடச் சொல்லிருவியாம்மா, மறந்துற மாட்டியே’ என்று சத்தியம் வாங்கினார்கள். ஒருத்தி மட்டும் புருசனைக் கூட்டிவந்து, நெஞ்சுக்கு ஒன்றுமில்லை, ஒரு வாரத்துக்குப் பிடிக்கச் சொன்னால் வீட்டில் கொஞ்சம் அமைதியாக இருக்கும் என்று காதோடு கேட்டுப் பார்த்தாள்.

அங்காளு அன்றைக்கு என்ன கேட்க வாயெடுத்தாள் என்பதுதான் ஊருக்குப் பெரிய கேள்வி. முந்தின நாள் மத்தியானம் தான் எங்கே போயிருந்தான் என்றுதான் கேட்டிருப்பாள் என்று அவள் புருசன் பயந்துபோய் எல்லாவற்றையும் தானாகவே ஒப்புவித்தான். பிள்ளையை ஏன் பிரித்தாய் என்பதாகத்தான் இருக்கும் என்று ராக்கம்மாள் உள்ளுக்குள் குமைந்தாள். எழுதிக் காட்டு என்று பேனாவைக் கொடுத்தால் அங்காளு சிரித்துக்கொண்டே தள்ளிவிடுவாள்.

ஒரு நாள் சுகந்தி லேசாகத் தொண்டையைச் செருமினாள், அவ்வளவுதான், ஊர் பதறிவிட்டது. அந்தக் குரல் கட்டிக்கொண்டால் அங்காளு கதி என்ன? டீக்கடையில் அவளுக்குச் சர்பத் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார்கள், ஆட்டோவில் காற்றுப் படாமல் நடுவில் உட்கார வைத்தார்கள், வத்தல் லாரிகள் ஆஸ்பத்திரித் தெருவைச் சுற்றிக்கொண்டு போயின; முன்பின் தெரியாத பெண்கள் பஸ் ஸ்டாண்டில் அவளை நிறுத்தி மிளகும் பனங்கற்கண்டும் வாயில் போட்டுவிட்டுப் போனார்கள். எஸ்தர் மேடமே வெந்நீர்ப் பிளாஸ்க்கைக் கொண்டுவந்து கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் வைத்துவிட்டு, ‘எனக்குத்தான், நீ குடிச்சா குடி’ என்றார். குரல் என்று ஒன்று தனக்கு இருப்பதே சுகந்திக்கு அப்போதுதான் தெரிந்தது. தூக்கம் வராதபோது தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள்; அடைகாக்கிற கோழி மாதிரி அந்த இரண்டு சொல் அதற்குள்ளே உட்கார்ந்திருந்தது.

இரண்டாம் வாரத்தில் டெய்லர் சிங்கராயர் இறந்துபோனார்.

வெள்ளிக்கிழமை கல்லூரி சார் வந்தார். மற்றப் பிள்ளைகளின் லாக் புக்கெல்லாம் கையெழுத்தாகி அடுக்கப்பட்டது. சுகந்தியின் புத்தகத்தைப் பெரிய டாக்டர் திறந்து, அந்த ஒரு வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். ஆள் அனுப்பினால் அங்காளு வந்துவிடுவாள், ஒரு சொல், ஒரு கையெழுத்து. சுகந்தி சன்னல் வழியாகப் பார்த்தாள். மாத்திரை வாங்கின அங்காளு வேப்பமரத்தடியில்தான் உட்கார்ந்திருந்தாள், பிள்ளை அவள் தோளில் ஏறி முடியை அவிழ்த்துப் போட்டுப் பேன் பார்க்கிற பாவனையில் என்னவோ பாடிக்கொண்டிருந்தது. சுகந்தி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். பெரிய டாக்டர் புத்தகத்தை மூடினார். சாயங்காலம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வேன் போனது, சுகந்தி கையாட்டிவிட்டு வந்து, எக்ஸ்ரே கதிர் படாமல் போட்டுக்கொள்கிற, தொங்கிக்கொண்டிருந்த ஈய அங்கியை நேராக்கி மாட்டினாள். “ஆறு மாசம் இங்கதான் கெடக்கப்போற, கிறுக்கு” என்றார் எஸ்தர் மேடம். “அதுக்குள்ளயாவது சாப்பிடுற கை எதுன்னு படி.”

செவ்வாய்க்கிழமை காலையில் வராந்தா கொள்ளவில்லை. அங்காளு தலைக்குக் குளித்து, அன்றைக்குக் கட்டியிருந்த அதே சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். அறையின் சன்னல்களையெல்லாம் திறந்து வைத்தார்கள். ராக்கம்மாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக் கதவோரம் நின்றாள், பிள்ளையின் விரல் நுனியில் அந்த இலவம்பஞ்சு. அங்காளு தாலிக்கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டாள், யாரும் சொல்லாமலே நெஞ்சைப் பலகையில் ஒட்டித் தாடையை மேலே வைத்து முழங்கையை முன்னால் தள்ளினாள். விட்ட இடத்தில்தானே தொடங்க வேண்டும். சுகந்தி கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்றாள், வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தாள், வரவில்லை. பனங்கற்கண்டும் மிளகும் இத்தனை நாள் காப்பாற்றின குரல் எங்கே போனது என்று வராந்தா முழுக்க வெலவெலத்தது. எஸ்தர் மேடம் மட்டும் அவளை ஏற இறங்கப் பார்த்தார், நெஞ்சு பார்த்தே பழகின கண்.

“நீயும் பிடிச்சுக்கிட்டு நிக்கிறியேடி. முதல்ல நீ விடு.”

சுகந்தி விட்டாள். விட்டுவிட்டு, “மூச்ச விடலாம்க்கா” என்றாள்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு முதுகில் சேலை மெல்ல இறங்கத் தொடங்கியது; இறங்கிக்கொண்டே இருந்தது. தொட்டிலை ஆட்டி நிறுத்தின பிறகும் கயிறு கொஞ்ச நேரம் முனகுமே அப்படி ஒரு மெல்லிய சத்தம். சன்னல் திரை வெளிப்பக்கமாகச் சாய்ந்தது, ஈய அங்கி கொக்கியில் அசைந்தது, சுவரிலிருந்த காலண்டர் ஒவ்வொரு தாளாகத் தூக்கித் தூக்கிப் போட்டு மாசி மாதத்தைக் காட்டியது. அந்த மூச்சில் அன்றைய வெள்ளிக்கிழமை அப்படியே இருந்தது: அன்றைக்குக் கழுவிவிட்ட பினாயில், யாரோ வைத்திருந்த பிச்சிப்பூ, கேண்டீனில் கருகின ரவை, நனைந்த குடையின் வாடை, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வராந்தாவுக்கு வந்தன, எல்லாரும் பதினெட்டு நாளுக்கு முந்தின தங்களை முகர்ந்துகொண்டு நின்றார்கள். தையல் மிசின் எண்ணெயும் பன்னீர்ப் புகையிலையும் கலந்த ஒரு வாசம் வந்தபோது, மணிக்கட்டு வீங்கி வரிசையில் நின்றிருந்த சிங்கராயர் வீட்டம்மா, வீங்கின கையோடு இன்னொரு கையையும் சேர்த்து அதை ஏந்தி முகத்தில் வைத்துக்கொண்டாள். அது தாண்டிப் போகும் வரைக்கும் யாரும் அவளைத் தொடவில்லை. பிள்ளையின் விரலில் இருந்த பஞ்சு அசைந்து, எழும்பி, கதவு நிலைக்கு மேலே மிதந்தது. யாழினி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அதையே பார்த்தது. பத்தேகாலுக்குத் தொடங்கின மூச்சு மண்டியில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதும்போதுதான் முடிந்தது.

அதன் கடைசி நுனியில், பதினெட்டு நாளாக உள்ளேயே இருந்த கேள்வியும் வந்தது. அங்காளு பலகையிலிருந்து தாடையை எடுக்காமலே, தொண்டை கரகரக்க, அன்றைக்கு எந்தப் பயத்தில் வாயெடுத்தாளோ அதே பயத்தில் கேட்டாள்.

“இது வலிக்குமா தாயீ?”

புருசன் நெற்றியில் அடித்துக்கொண்டான். சுகந்தி தடுப்பைச் சுற்றி ஓடிவந்தாள், சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வர, அவள் முதுகில் கை வைத்தாள்.

“வலிக்காதுக்கா. முடிஞ்சுபோச்சு.”

முதுகு கைக்குக் கீழே அசையாமல் இருந்தது. பெரிய டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டினார், ராக்கம்மாள் பிள்ளையை இறுக்கிப் பிடித்தாள், சுகந்தி சொல்ல வேண்டிய அடுத்த வார்த்தையைத் தேடி வாயைத் திறந்தாள். அதற்குள் அவள் உள்ளங்கை மெல்ல மேலே எழும்பியது. யாரும் சொல்லாமலே அங்காளு மூச்சை இழுத்தாள். யாரும் சொல்லாமலே விட்டாள்.